பிப் காசு நின்றுவிடுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டன் ஹரோவில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கணவருக்கு 52 வயது. பதினாறு வருஷம் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்தவர். முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு வேலைக்குப் போக முடியவில்லை, மனமும் விழுந்துவிட்டது. நோயாளியாக வாழ்வதால் ஆகும் கூடுதல் செலவுக்கு அரசு தரும் ‘பிப்’ (PIP) அவருக்கு வருகிறது, வருமானம் குறைந்த வீடுகளுக்கான யூனிவர்சல் கிரெடிட்டில் சுகவீனத்துக்கான பகுதியும் வருகிறது. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக இந்தத் தங்கச்சிக்கும் ஒரு சிறு தொகை உண்டு. “நவம்பரோடு பிப் நிற்கப் போகுதாம், அரசாங்கம் எல்லாத்தையும் வெட்டிப்போட்டுதாம் என்று வட்ஸ்அப்பில் வருது. தபால் விழுகிற சத்தம் கேட்டாலே இவருக்கு நெஞ்சு படபடக்குது. மச்சாளுக்கு மூட்டுவாதம். இனி விண்ணப்பித்து என்ன என்று அவவும் விட்டிட்டா. உண்மை என்ன அண்ணை?” இதுதான் கேள்வி.

தங்கச்சி, பதிலை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு விளக்கம். உங்கள் கணவரின் பிப் நவம்பரோடு நிற்காது. அப்படி ஒரு விதி சட்டமூலத்தில் இருந்தது உண்மை, ஆனால் நாடாளுமன்றத்திலேயே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் வரும் சுகவீனப் பகுதியும் அவருக்குக் குறையாது. மச்சாள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் ‘ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் வதந்தி’ என்று நான் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஒரு வெட்டு நடந்தது. அது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. இனிமேல் நோயில் விழப்போகும் யாரோ ஒருவரின் கதவைத் தட்டுகிறது. அதனால்தான் அதைப் பற்றி அதிகம் பேரும் கதைக்கவில்லை.

எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் ‘பெனிபிட்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவதால்தான் பாதிக் குழப்பம். உங்கள் வீட்டுக்கு வருவது இரண்டு வேறு வேறு காசு. இரண்டுக்கும் விதி வேறு, பரிசோதனை வேறு.

பிப் 2013 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன் இருந்த டிஎல்ஏ என்ற கொடுப்பனவின் இடத்தைப் பிடித்தது. 16 வயதிலிருந்து அரச ஓய்வூதிய வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். இது வறுமைக்கான உதவி அல்ல. நோயாளியாக வாழ்வதால் கூடுதலாக ஆகும் செலவுக்கான காசு. வேலை செய்துகொண்டே எடுக்கலாம், வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள், வரியும் இல்லை. ஊரில் காணி இருந்தால் பிப் கிடைக்காது என்று கோயிலில் யாரோ சொன்னார் என்பார்கள், அது தவறு. பிப்பில் இரண்டு பகுதிகள். ஒன்று அன்றாட வாழ்வுக்கு, மற்றது நடமாட்டத்துக்கு. 2025-26 கணக்கில் அன்றாடப் பகுதி வாரத்துக்கு 73 பவுண்ட் 90 பென்ஸ், கூடிய வீதம் 110 பவுண்ட் 40 பென்ஸ். நடமாட்டப் பகுதி 29 பவுண்ட் 20, கூடியது 77 பவுண்ட் 5 பென்ஸ்.

யூனிவர்சல் கிரெடிட் அப்படியல்ல. அது வீட்டின் வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துக் கொடுப்பது. 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்போ சொத்தோ இருந்தால் கிடைக்காது. இங்கேதான் ஊரில் வாடகைக்கு விட்டிருக்கும் வீடு கணக்கில் வரும். அதை மறைத்தவர்கள் பின்னால் பட்டிருக்கிறார்கள். நோயால் வேலை தேடவும் முடியாது என்று ஒருவரை, இந்தக் காசுகளைக் கொடுக்கும் வேலை, ஓய்வூதியத் திணைக்களம் ஏற்றுக்கொண்டால், அடிப்படைத் தொகைக்கு மேல் ஒரு சுகவீனப் பகுதி சேரும். உங்கள் கணவருக்குச் சேர்ந்திருப்பது அதுதான்.

இனி நடந்த கதைக்கு வருவோம். 2025 மார்ச் 18ஆம் திகதி, அப்போது இந்தத் திணைக்களத்தின் அமைச்சராக இருந்த லிஸ் கெண்டல் ஒரு திட்ட அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தார். வேலை செய்யும் வயதினரின் நோய், இயலாமைக் கொடுப்பனவுகள் இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வருஷத்துக்கு 7,000 கோடி பவுண்டை எட்டிவிடும், அதனால் ஏறக்குறைய 500 கோடி மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. செலவு ஏறியதும் உண்மைதான். கொரோனாவுக்குப் பிறகு மனநோய்க்காக விண்ணப்பிப்போர் தொகை வேகமாகக் கூடியது. ஆனால் அந்த அறிக்கை வந்த எட்டாம் நாள் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் தன் வசந்தகாலக் கணக்கை வாசிக்க வேண்டியிருந்தது. தானே போட்ட நிதி விதிக்குள் அவர் நிற்க வேண்டும். நோயாளிகளை வேலைக்குக் கொண்டுவரும் சீர்திருத்தம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். திகதிகளைப் பார்த்தவர்களுக்கு வரவுசெலவில் விழுந்த ஓட்டையை அடைக்கும் வேலையாகத்தான் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அந்த அறிக்கையில் பிப்பைப் பற்றிய ஒரு வரிதான் எல்லோரையும் உலுக்கியது. அதைப் புரிந்துகொள்ள பிப்பின் புள்ளி முறை தெரிய வேண்டும். அன்றாட வாழ்வுக்குப் பத்துக் காரியங்களை எடுத்துக்கொள்கிறார்கள். சமைப்பது, சாப்பிடுவது, மருந்தைக் கவனிப்பது, குளிப்பது, கழிவறைக்குப் போவது, உடுப்பது, பேசுவது, வாசிப்பது, ஆட்களோடு பழகுவது, காசுக்கணக்குப் பார்ப்பது. ஒவ்வொன்றிலும் உங்களுக்கு எவ்வளவு உதவி தேவை என்பதைப் பொறுத்துப் புள்ளி. மொத்தம் 8 வந்தால் சாதாரண வீதம், 12 வந்தால் கூடிய வீதம்.

உங்கள் கணவரின் தீர்மானக் கடிதத்தை நீங்கள் படமெடுத்து அனுப்பியதால் கணக்குச் சொல்ல முடிகிறது. சமையலில் உயரமான இருக்கை இல்லாமல் நிற்க முடியாது என்பதற்கு 2. இடுப்புக்குக் கீழே கழுவ உங்கள் உதவி வேண்டும் என்பதற்கு 2. கழிவறையில் உயர்த்திய இருக்கைக்கு 2. காற்சட்டை, சப்பாத்துப் போட உதவி தேவை என்பதற்கு 2. மருந்தை நினைவூட்ட வேண்டும் என்பதற்கு 1. ஆக மொத்தம் 9. அன்றாடப் பகுதி கிடைத்தது.

அரசாங்கம் கொண்டுவர நினைத்த விதி என்ன தெரியுமா? மொத்தம் 8 வந்தால் போதாது, பத்தில் ஏதாவது ஒரு காரியத்திலாவது தனியாக 4 புள்ளி எடுத்திருக்க வேண்டும். 2026 நவம்பரில் இருந்து. அந்த நவம்பர்தான் இப்போது வட்ஸ்அப்பில் உலாவுகிறது. உங்கள் கணவரின் ஒன்பதில் நாலு எங்கேயும் இல்லை. அந்த விதி வந்திருந்தால் அவருக்கு அன்றாடப் பகுதி பூச்சியம். நடுமுதுகையோ நெஞ்சையோ கழுவ ஆள் வேண்டும் என்றால் 4 புள்ளி, அரைக்குக் கீழே கழுவ ஆள் வேண்டும் என்றால் 2 புள்ளி. முதலாமவர் தப்புவார், இரண்டாமவர் வெளியே. இந்த வித்தியாசத்தில் என்ன நியாயம் இருக்கிறது என்று மேடையில் நின்று விளக்கிய அமைச்சர் ஒருவரையும் நான் காணவில்லை.

முதுகுவலிக்காரரும் மூட்டுவாதக்காரரும்தான் இதில் அதிகம் அடிபட்டிருப்பார்கள். அவர்களுக்கு ஒரே காரியத்தில் பெரிய இயலாமை இருக்காது. எல்லாக் காரியத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். திணைக்களமே கொடுத்த கணக்கின்படி, அன்றாடப் பகுதியைச் சாதாரண வீதத்தில் பெற்றவர்களில் 87 சதவீதம் பேருக்கு எந்தக் காரியத்திலும் 4 புள்ளி இல்லை. 2029-30 ஆகும்போது ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் சராசரியாக வருஷத்துக்கு 4,500 பவுண்ட் இழப்பார்கள் என்றும், திட்டம் முழுவதும் சேர்ந்து 50,000 பிள்ளைகள் உட்பட இரண்டரை லட்சம் பேரை வறுமைக்குள் தள்ளும் என்றும் அரசாங்கத்தின் சொந்த மதிப்பீடே சொன்னது. எதிர்க்கட்சி எழுதிய கணக்கு அல்ல இது.

உங்களுக்கு வரும் பராமரிப்பாளர் கொடுப்பனவும் அதோடு போயிருக்கும். கணவருக்கு அன்றாடப் பகுதி இருந்தால்தான் அவரைப் பார்க்கும் உங்களுக்கு அந்தக் காசு. 2025-26இல் வாரத்துக்கு 83 பவுண்ட் 30 பென்ஸ். யூனிவர்சல் கிரெடிட் உள்ள வீட்டில் அது அங்கே கழிபடும், பதிலாக அங்கே பராமரிப்பாளர் பகுதி சேரும். எப்படியும் பிப் என்ற ஆணி கழன்றால் அதில் தொங்கும் இரண்டு மூன்று சட்டைகளும் விழும்.

அது ஏன் நடக்கவில்லை? அமைச்சர்களுக்கு மனம் இளகியதால் அல்ல. ஆளும் தொழிற்கட்சியின் சொந்த உறுப்பினர்கள் 120க்கும் மேற்பட்டோர், அவர்களில் ஒருவரான மெக் ஹில்லியர் கொண்டுவந்த திருத்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதாவது சட்டமூலத்தையே தோற்கடிப்போம் என்றார்கள். ஜூன் கடைசியில் அரசாங்கம் முதலில் பாதி இறங்கியது. ஏற்கெனவே பிப் பெறுபவர்களுக்கு ஒன்றும் இல்லை, புதிதாக வருபவர்களுக்கு மட்டும் அந்த 4 புள்ளி விதி என்றது. அதுவும் போதவில்லை. ஜூலை 1ஆம் திகதி, விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, வாக்கெடுப்புக்கு ஒன்றரை மணி நேரம் இருக்க, அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து பிப் பற்றிய பிரிவையே எடுத்துவிடுகிறோம் என்றார். அதற்குப் பிறகும் தொழிற்கட்சிக்காரர் 49 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். 335க்கு 260 என்று சட்டமூலம் தப்பியது. தப்பியது என்று சொல்வதைக் கவனியுங்கள். பிப் பிரிவு போய்விட்டது, மற்றது நின்றது. அன்றிரவு எல்லோரும் வெற்றி என்று கொண்டாடிவிட்டு நித்திரைக்குப் போனார்கள்.

மிஞ்சி நின்றது என்ன? யூனிவர்சல் கிரெடிட்டின் சுகவீனப் பகுதி. 2025 செப்டம்பரில் அரச ஒப்புதல் பெற்ற சட்டத்தின்படி, 2026 ஏப்ரல் 6இல் இருந்து புதிதாக அந்தப் பகுதிக்குள் வருகிறவருக்கு மாதம் 217 பவுண்ட் 26 பென்ஸ்தான். அதே நோயோடு அதற்கு முதலே உள்ளே வந்தவருக்கு மாதம் 429 பவுண்ட் 80 பென்ஸ். வருஷத்துக்கு 2,500 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். புதியவரின் தொகை இந்தப் பத்தாண்டு முடியும்வரை கூடவும் கூடாது, உறைந்து நிற்கும். மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கும், வாழ்நாள் முழுதும் மாறாத கடும் நோய் என்று ஏற்கப்பட்டவர்களுக்கும் விலக்கு உண்டு. அடிப்படைத் தொகையை விலைவாசிக்கு மேல் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஆனால் அந்தக் கொஞ்சம் இந்த ஓட்டையை நிரப்பாது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே முதுகுநோயோடு இரண்டு பேர். ஒருவர் மார்ச்சில் வந்தார், மற்றவர் ஜூனில் வந்தார். ஒருவருக்கு மற்றவரின் பாதிதான்.

எனக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் இதே நாடகத்தை 2016இல் ஒருமுறை பார்த்தாயிற்று. அந்த மார்ச் மாதம் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் தன் வரவுசெலவில் பிப்பின் மேல் கைவைத்தார். உடுப்பதிலும் கழிவறைக் காரியத்திலும் உதவிச் சாதனம் பாவிப்பவர்களின் புள்ளியை இரண்டிலிருந்து ஒன்றாக்குவது திட்டம். உங்கள் கணவரின் கணக்கில் அந்த உயர்த்திய இருக்கைக்கு வந்த 2 ஒன்றாகியிருக்கும். இரண்டு நாள் கழித்து, நலத்துறை அமைச்சராக இருந்த இயன் டங்கன் ஸ்மித்தே பதவியை எறிந்துவிட்டுப் போனார். நலன்புரி வெட்டுகளின் அடையாளமாகவே பார்க்கப்பட்ட மனிதர் அவர். அவருக்குப் பின் வந்தவர் திட்டத்தைக் கைவிட்டார். நாடெல்லாம் அதே பேச்சு. அதே வாரத்தில் இன்னொரு சட்டம் ஒப்புதல் பெற்றது. வேலைக்குத் தயாராகலாம் என்று வகுக்கப்பட்ட நோயாளிகளுக்கு இஎஸ்ஏ என்ற உதவிப்பணத்தில் கூடுதலாகக் கிடைத்த வாரம் 29 பவுண்ட் 5 பென்ஸ், 2017 ஏப்ரலில் இருந்து புதியவர்களுக்கு இல்லை என்றது அது. பழையவர்களுக்குத் தொடரும். பிரபுக்கள் சபை திருப்பி அனுப்பியும் நின்றபாடில்லை.

இரண்டு முறையும் ஒரே மாதிரி. இருப்பவரிடம் பறித்தால் சத்தம் வரும், பத்திரிகையில் முகம் வரும், உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் வரிசை வரும். இனி வரப்போகிறவருக்கு முகம் இல்லை. அடுத்த வருஷம் பக்கவாதம் வரப்போகும் மனிதர் இன்றைக்கு எந்த ஊர்வலத்தில் கொடி பிடிப்பார்? அவர் இன்றைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார், இந்தப் பெனிபிட்காரர்களைக் குறை சொல்லிக்கொண்டும் இருக்கக்கூடும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். சட்டம் மாறாததால் உங்கள் கணவருக்கு ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது மீளாய்வில் இருக்கிறது. பிப் ஒரு தவணைக்குத்தான் கொடுக்கப்படுகிறது. தவணை நெருங்கும்போது பழுப்பு உறையில் ஒரு படிவம் வரும். ‘கடந்த தடவைக்குப் பிறகு என்ன மாறியது’ என்று கேட்கும். எல்லாம் அப்படியேதான் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுப் புள்ளியை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்தச் சட்டமும் மாறாமல், எந்த அமைச்சரும் பேசாமல், இப்படிக் காசு இழக்கிறவர்கள்தான் அதிகம் என்பது என் சனிக்கிழமை அனுபவம். (சனிக்கிழமைகளில் படிவம் நிரப்ப உதவுகிறேன். அதற்கு மேல் எனக்குத் தகுதி ஒன்றும் இல்லை.)

எங்கள் ஆட்கள் புள்ளியை இழக்கும் விதமே தனி. ஒரு அண்ணைக்கு மொழிபெயர்க்கக் கூடப் போனேன். தொடையில் ஷெல் துண்டு இருக்கிறது, இரவில் அலறி எழும்புகிறவர். மதிப்பீட்டுக்கு வந்த பெண் சிரித்த முகத்தோடு “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அண்ணை இங்கிலிஷில், நான் வாயைத் திறப்பதற்கு முன், “ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ” என்றார். மரியாதைக்குச் சொன்னது. யார் கேட்டாலும் ‘பரவாயில்லை, கடவுள் புண்ணியம்’ என்று சொல்லித்தானே பழகியிருக்கிறோம். அறிக்கையில் அந்த வரி ஏறியிருந்தது, சுகமாக இருப்பதாக அவரே கூறினார் என்று.

அடுத்தது சமையல். “சமைக்க முடியுமா?” என்றால் “அது மனுசி பார்ப்பா, எனக்குப் பிரச்சினை இல்லை” என்பார்கள். வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பது கேள்வியே அல்ல. மனைவி இல்லாத ஒரு நாளில், உங்களால் ஒரு ஆளுக்கு ஒரு கறியைப் பச்சை மரக்கறி வெட்டி அடுப்பில் வைத்து இறக்க முடியுமா என்பதுதான் கேள்வி. உங்கள் உதவி வீட்டுக்குள் அவ்வளவு இயல்பாக ஓடிக்கொண்டிருப்பதால் அது உதவி என்றே அவருக்குத் தெரிவதில்லை. குளியலறையில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் முக்காலியும் அப்படித்தான். கடையில் ஐந்து பவுண்டுக்கு வாங்கியதை மருத்துவச் சாதனம் என்று யார் நினைப்பார்? நிற்க முடியாததால் அதில் இருந்து குளிக்கிறார் என்றால் அதை எழுத வேண்டும்.

‘முடியும்’ என்ற சொல்லுக்குப் பிப் சட்டத்தில் ஒரு தனிப் பொருள் இருக்கிறது. ஆபத்தில்லாமல் முடிய வேண்டும், ஓரளவு ஒழுங்காக முடிய வேண்டும், தேவையான தடவை திரும்பத் திரும்ப முடிய வேண்டும், சாதாரண ஆள் எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. இந்த நாலில் ஒன்று தவறினாலும் முடியாது என்றுதான் பொருள். உங்கள் கணவர் ஒரு தரம் மாடிப்படி ஏறிவிட்டுப் பின்னேரம் முழுக்கப் படுத்துக் கிடக்கிறார் என்றால் அவரால் ஏற முடியும் என்று எழுதாதீர்கள். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறிமாறி வந்தால், வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் எப்படி இருக்கிறார் என்பதுதான் கணக்கு. நல்ல நாளை வைத்து எழுதுவது எங்கள் ஆட்களின் பெருமை. கெட்ட நாளை மட்டும் வைத்து எழுதுவதும் சரியல்ல, அது பிடிபடும். ஒரு மாதம் கொப்பியில் நாள் நாளாகக் குறித்து வையுங்கள், அதைப் படிவத்தோடு இணையுங்கள். படிவம் முழுவதையும் அனுப்புமுன் படமெடுத்து வையுங்கள்.

மதிப்பீட்டுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அவர்கள் ஒழுங்கு செய்ய வேண்டும். ஒலிப்பதிவு செய்யச் சொல்லியும் கேட்கலாம். நீங்கள் கூட இருக்கலாம், பேசவும் செய்யலாம். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். தகப்பன் தன் கழிவறைக் கஷ்டத்தை மகள் வாயால் சொல்ல மாட்டார், புள்ளி அங்கேயே போய்விடும். அவருடைய மனச்சோர்வைப் பற்றியும் அதே கதைதான். ‘யோசனை கூட’ என்று அவர் சொல்வதை யாரும் நோயாக எழுதமாட்டார்கள். நாள் கணக்காகக் குளிக்க மாட்டார், கதவைத் திறக்க மாட்டார், போனை எடுக்க மாட்டார், நீங்கள் தட்டை முன்னால் வைத்தால்தான் சாப்பிடுவார் என்றால் அதையெல்லாம் அப்படியே சொல்ல வேண்டும். பழைய தீர்மானத்தில் முதுகுக்கு மட்டும்தான் புள்ளி விழுந்திருக்கிறது. மனத்தால் வரும் இயலாமை பற்றி ஒரு வரியும் இல்லை. மீளாய்வுப் படிவத்தில் அதைச் சேர்க்க வேண்டும்.

மீளாய்வில் புள்ளி குறைந்து கடிதம் வந்தால், ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். பெரும்பாலும் அங்கே மாறாது. அதோடு மனம் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அடுத்த படி தீர்ப்பாயம், அதற்கும் ஒரு மாதம். அங்கே ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், இயலாமை பற்றித் தெரிந்த ஒருவர் என்று மூன்று பேர் இருப்பார்கள். திணைக்களத்தோடு சம்பந்தமில்லாதவர்கள். அங்கு விசாரணைவரை போகும் பிப் வழக்குகளில் பாதிக்கும் மேல் விண்ணப்பதாரர் பக்கம்தான் தீர்ப்பாகிறது. வழக்கு என்றதும் ஊர்ப் பொலிஸ் கோர்ட்டை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஒரு மேசை, நாலு கதிரை, அவ்வளவுதான். ஆனால் ஒன்று. திரும்பப் பார்க்கும்போது இருக்கும் புள்ளியையும் குறைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஓரளவு நல்ல தீர்மானம் கையில் இருந்தால் கொஞ்சம் கூட்டுவதற்காக எதிர்த்துப் போகுமுன் விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போக நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். போகலாம். பிப் 13 கிழமை வரை வெளிநாட்டிலும் வரும், வைத்தியத்துக்காகப் போனால் 26 கிழமை. நாலு கிழமைக்கு மேல் நிற்பதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். யூனிவர்சல் கிரெடிட் இந்த அளவுக்குத் தாங்காது, ஒரு மாதத்துக்கு மேல் போனால் சிக்கல். திருவிழா 25 நாள். பயண நாளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், இடம் இறுக்கம்தான்.

மச்சாளின் கதைக்கு வருகிறேன், எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. பிப்பில் புதியவர்களுக்கும் விதி மாறவில்லை. அந்த 4 புள்ளி விதி யாருக்கும் இல்லை. அவவின் புருஷனின் சம்பளம் கூடுதல் என்பதால் யூனிவர்சல் கிரெடிட் கிடைக்காது, ஆகவே ஏப்ரல் 6 வெட்டும் அவவைத் தொடாது. பிப்புக்குப் புருஷனின் சம்பளம் கணக்கே இல்லை. பாடசாலைச் சமையலறையில் வேலையைத் தொடர்ந்தபடியே எடுக்கலாம். மூன்று மாதமாக இந்தக் கஷ்டம் இருந்திருக்க வேண்டும், இன்னும் ஒன்பது மாதம் நீடிக்கும் என்று எதிர்பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூட்டுவாதத்துக்கு அதில் சந்தேகம் இல்லை. காலையில் விரல் மடங்காது, போத்தல் மூடி திறக்க முடியாது, பத்து மணிக்குப் பிறகு கொஞ்சம் இளகும் என்றால், ‘மத்தியானம் எனக்குச் சரிதானே’ என்று அவ தன்னைத்தானே தள்ளிவிடக் கூடாது. காலையில் மேல்சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால் அந்த நாள் முடியாத நாளாகத்தான் எண்ணப்பட வேண்டும்.

அவவுக்கு நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது என்கிறீர்கள், பிறகென்ன? பிப் எடுத்தால் அது பறிபோகாது. விசாவில் அரச நிதி எடுக்கக் கூடாது என்று எழுதப்பட்டவர்கள்தான் இதைத் தொடக் கூடாது. கடந்த மூன்று வருஷத்தில் இரண்டு வருஷமாவது இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. உங்கள் மாமியாருக்கு ஓய்வூதிய வயது கடந்துவிட்டதால் அவருக்குப் பிப் இல்லை. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்று வேறு ஒன்று இருக்கிறது. அதில் யாரும் இப்போது கைவைக்கவில்லை. அதற்கும் இன்னும் விண்ணப்பிக்காமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஏன் என்று தெரியவில்லை.

இனி என்ன வரும் என்று கேட்பீர்கள். கழற்றிய பிரிவுக்குப் பதிலாக ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் பிப்பை முழுதாக ஆராயும் ஒரு குழு இயங்குகிறது. இயலாமையோடு வாழ்பவர்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2026 இலையுதிர் காலத்தில் அறிக்கை வர வேண்டும். மிச்சம் பிடிப்பதற்காக அல்ல என்கிறார்கள், ஆனால் இப்போது கணித்திருக்கும் செலவுக்குள் நிற்க வேண்டும் என்ற கயிறும் கட்டியிருக்கிறார்கள். நான் கவனித்துக்கொண்டிருப்பது இன்னொன்றை. யூனிவர்சல் கிரெடிட்டுக்கான வேலைத்திறன் பரிசோதனையை 2028இல் எடுத்துவிட்டு, சுகவீனப் பகுதிக்கும் பிப் மதிப்பீட்டையே வைப்பது என்பது அந்த 2025 மார்ச் அறிக்கையில் இருந்த திட்டம். அது நடந்தால் இரண்டு பெட்டிக்கும் ஒரே சாவி. பிப் தவறினால் இரண்டும் தவறும். உங்கள் கணவருக்கு இப்போது இரண்டு தனித்தனித் தீர்மானங்கள் இருப்பது ஒரு பாதுகாப்பு. அது என்றைக்கும் இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தொகுதி உறுப்பினருக்கு இப்போதே எழுதுங்கள், சட்டமூலம் வந்த பிறகு அல்ல. 2025 ஜூனில் அந்த 120 பேர் கையெழுத்துப் போட்டதற்கு உங்களைப் போன்றவர்கள் எழுதிய கடிதங்களும் ஒரு காரணம்.

ஸ்கொட்லாந்தில் உங்கள் தம்பி இருக்கிறார் என்றீர்கள். அங்கே பிப்பே இல்லை, ஸ்கொட்லாந்து அரசின் சொந்தக் கொடுப்பனவு 2022இல் இருந்து நடக்கிறது. வட்ஸ்அப் செய்தியை அவருக்கு அனுப்பிக் குழப்ப வேண்டாம்.

மச்சாளை இந்தக் கிழமையே போன் எடுக்கச் சொல்லுங்கள். பிப்பில் காசு எண்ணத் தொடங்குவது படிவம் அனுப்பிய நாளில் இருந்து அல்ல, முதல் தொலைபேசி அழைப்பு எடுத்த நாளில் இருந்து. படிவம் வீட்டுக்கு வந்ததும் நிரப்ப ஒரு மாதம் இருக்கும். அதைத் தனியே நிரப்பாமல், மூட்டு வைத்தியரின் கடிதங்களோடும் காலையில் விரல் எப்படி இருக்கிறது என்று குறித்த கொப்பியோடும் ஒரு சனிக்கிழமை என்னிடம் வரட்டும்.